பழைய கார் ரேடியோவைப் பேச வைப்பது எப்படி?

என் முதல் கார் ரேடியோவை நானேதான் சாகடித்தேன். வண்டி மோரிஸ் மைனர். முன்பு வைத்திருந்தவர் ரேடியோவைக் கழற்றி ஒரு பழைய துவாயில் சுற்றிக் கொடுத்திருந்தார். இலங்கை மலைநாட்டின் ஹட்டனில் விடாமல் மழை பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேறு வேலையில்லாமல் அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து சிவப்பு வயரையும், மைனஸிலிருந்து கறுப்பு வயரை ரேடியோவின் தகரப் பெட்டிக்கும் கொடுத்தேன். 'டப்' என்று ஒரு சத்தம், அப்புறம் கருகல் வாசனை, அவ்வளவுதான். அது பாசிட்டிவ் எர்த் செட். பெட்டிக்குப் பிளஸ் வந்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு நண்பர்கள் வண்டிகளில் நிறைய ரேடியோக்களைப் பார்த்துவிட்டேன். அவற்றில் பாதிக்கு மேல் ரேடியோவுக்குள் ஒரு கோளாறும் இருக்கவில்லை. பியூஸ், எர்த், ஸ்பீக்கர், ஏரியல் என்று கோளாறு வெளியே எங்கேயோ இருந்தது. மலைநாட்டில் இது இன்னும் அதிகம். பனிமூட்டமும் மழையும் ஒரு பழைய காரின் இணைப்பு ஒன்றைக்கூட விட்டுவைப்பதில்லை. அதனால் இந்தக் கட்டுரையின் வரிசை வெளியிலிருந்து உள்ளே போகிறது. பெட்டியின் மூடியைத் திறப்பது கடைசி வேலை.

தேவையான சாமான் கொஞ்சம்தான். ஒரு சாதாரண மல்டிமீட்டர், வயர் பற்றவைத்த 12 வோல்ட் 21 வாட் சிக்னல் பல்பு ஒன்று, டார்ச் பேட்டரி ஒன்று, உப்புத்தாள், காண்டாக்ட் கிளீனர். உள்ளே கைவைப்பதாக இருந்தால் 25 முதல் 40 வாட் வரையுள்ள சோல்டரிங் அயன் ஒன்றும் வேண்டும்.

முதலில் எர்த் எந்தப் பக்கம்?

பானெட்டைத் திறந்து பேட்டரியைப் பாருங்கள். எந்த முனையிலிருந்து வரும் பட்டை வண்டியின் உடம்பில் முடுக்கப்பட்டிருக்கிறதோ அதுதான் எர்த். வயரின் நிறத்தை நம்ப வேண்டாம். ஐம்பது அறுபது வருடத்தில் எத்தனை மெக்கானிக் பாஸ்மார் எத்தனை நிற வயரை மாற்றியிருப்பார்களோ தெரியாது. முனையில் உள்ள குறியைப் பாருங்கள், அது அழிந்திருந்தால் மீட்டரை வைத்துப் பாருங்கள்.

மோரிஸ் மைனர், ஆஸ்டின் ஏ40 மாதிரியான ஐம்பதுகளின் பிரிட்டிஷ் வண்டிகள் பெரும்பாலும் 12 வோல்ட், பாசிட்டிவ் எர்த். ஃபோக்ஸ்வாகன் பீட்டில் நெகட்டிவ் எர்த், ஆனால் 1966 வரை வந்தவற்றில் பெரும்பாலானவை 6 வோல்ட். இதற்கு மேல் ஒரு சிக்கல் உண்டு. பிற்காலத்தில் கேசட் செட் பூட்டுவதற்காகவோ ஆல்டர்னேட்டர் போடுவதற்காகவோ பல மைனர்களை நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றிவிட்டார்கள். வண்டி மாறியிருக்கும், டிக்கியில் கிடக்கும் பழைய ரேடியோ மாறியிருக்காது. அதனால் வண்டியைத் தனியாக, ரேடியோவைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

ரேடியோவின் பின்பக்கமோ பக்கவாட்டிலோ ஒரு சீட்டு ஒட்டியிருக்கும், அல்லது தகரத்திலேயே பிளஸ், மைனஸ் குறி அடித்திருக்கும். சில செட்டுகளில் இரண்டு விதமாகவும் சொருகக்கூடிய சின்ன பிளக் ஒன்று இருக்கும். அதைத் திருப்பிப் போட்டால் எர்த் மாறும். குறியே இல்லாத டிரான்சிஸ்டர் செட்டுக்கு மின்சாரம் கொடுக்காதீர்கள். விஷயம் தெரிந்த ஒருவர் மூடியைத் திறந்து, உள்ளே மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர்களின் பிளஸ் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துச் சொல்லட்டும்.

வால்வு செட்டா, டிரான்சிஸ்டர் செட்டா?

தூக்கிப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். டிரான்சிஸ்டருக்கு முந்திய, கண்ணாடிக் குழாய் வால்வுகளில் ஓடும் செட் செங்கல் கனம் இருக்கும், பல நேரம் தனியாக இன்னொரு பவர் பெட்டியும் சேர்ந்திருக்கும். சுவிட்சைப் போட்டதும் பேசாது. வால்வு சூடாக அரை நிமிடம் ஆகும். அதற்குள் பெட்டியிலிருந்து தேனீக்கூட்டம் மாதிரி ஒரு ரீங்காரம் கேட்கும். அது வைப்ரேட்டர். பேட்டரியின் 12 வோல்ட்டை விட்டு விட்டு வெட்டி, டிரான்ஸ்பார்மர் வழியாக 200 வோல்ட்டுக்கு மேல் ஏற்றிக் கொடுக்கும் சின்ன இயந்திரம் அது. ரீங்காரம் கேட்கவில்லை, பியூஸ் நன்றாக இருக்கிறது என்றால் பெரும்பாலும் வைப்ரேட்டரின் முனைகள் ஆக்சைடு பிடித்துக் கிடக்கும். வருடக்கணக்கில் ஓடாத செட்டுகளில் இது சர்வ சாதாரணம்.

புதிதாக வருபவர்கள் வால்வு செட்டின் மூடியைத் திறக்காமல் இருப்பது நல்லது. சுவிட்சை அணைத்த பிறகும் உள்ளே கெப்பாசிட்டர்களில் 200 வோல்ட் உட்கார்ந்திருக்கும். 12 வோல்ட் வண்டிதானே என்ற நினைப்பில் கைவைத்து உதறிக்கொண்டவன் நான். தெரிந்தவரிடம் கொடுக்கும்போது ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள்: வைப்ரேட்டரை மாற்றினால் அதோடு வேலை செய்யும் பஃபர் கெப்பாசிட்டரையும் சேர்த்து மாற்ற வேண்டும், 1600 வோல்ட்டுக்குக் குறையாததாக. பழைய பஃபரை விட்டுவிட்டால் புது வைப்ரேட்டரும் கொஞ்ச நாளில் போய்விடும். இனி சொல்லப்போவது பெரும்பாலும் டிரான்சிஸ்டர் செட்டுக்கு.

மின்சாரம் வந்து சேருகிறதா?

ரேடியோவுக்குப் போகும் வயரின் நடுவில் ஒரு குழாய் மாதிரி பியூஸ் கூடு தொங்கும். அதைத் திருகித் திறந்து கண்ணாடி பியூஸைப் பாருங்கள். சிகரெட் பெட்டி வெள்ளித்தாளைச் சுற்றிய பியூஸை ஒரு தடவையாவது நீங்களும் பார்ப்பீர்கள். அதை எறிந்துவிட்டு, டிரான்சிஸ்டர் செட்டுக்கு 2 அல்லது 3 ஆம்ப் பியூஸ் போடுங்கள். வண்டியின் பியூஸ் பெட்டியில் இருக்கும் 35 ஆம்ப் பியூஸ் ரேடியோவைக் காப்பாற்றாது. அது அறுவதற்குள் ரேடியோ வெந்துவிடும்.

அடுத்தது மீட்டர். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ரேடியோவைக் கழற்றிவிட்டு வயரின் முனையில் அளந்தால் 12 வோல்ட் அழகாகக் காட்டும். துருப்பிடித்த இணைப்பு வழியாகக்கூட வெறும் மீட்டருக்கு வேண்டிய மின்சாரம் வந்துவிடும். ரேடியோ இழுக்கும்போதுதான் அது விழும். ஆகவே ரேடியோ இருக்க வேண்டிய இடத்தில் அந்த 21 வாட் பல்பைக் கொடுத்துப் பாருங்கள். பிரகாசமாக எரிந்தால் சரி. மங்கலாக எரிந்தால் பேட்டரியிலிருந்து ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி முடுக்குங்கள்.

எர்த்துக்கும் அதே கதை. ரேடியோவை ஓடவிட்டு, மீட்டரின் ஒரு முனையை ரேடியோவின் பெட்டியிலும் மற்றதை பேட்டரியின் எர்த் முனையிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. டேஷ்போர்டுக்குப் பின்னால் ரேடியோவைத் தாங்கும் பட்டை பெயின்ட் மேலேயே முடுக்கப்பட்டிருக்கும். அந்த இடத்துப் பெயின்டைச் சுரண்டிவிட்டு முடுக்கினால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

ஸ்பீக்கர்

ஸ்பீக்கர் இல்லாமல் பழைய டிரான்சிஸ்டர் செட்டை ஓட விடாதீர்கள். சுமை இல்லாத டிரான்ஸ்பார்மரில் எழும் வோல்ட்டேஜ் அவுட்புட் டிரான்சிஸ்டரைக் கொன்றுவிடும். அந்தக் காலத்து ஜெர்மேனியம் அவுட்புட் டிரான்சிஸ்டருக்கு இன்று கடை கடையாக அலைய வேண்டும்.

ஸ்பீக்கரின் இரண்டு வயரையும் ரேடியோவிலிருந்து கழற்றி, டார்ச் பேட்டரியின் இரு முனைகளில் ஒரு நொடி தொட்டு எடுங்கள். 'டக்' என்று கேட்டால் உயிர் இருக்கிறது. சத்தம் கரகரத்தால் காகிதக் கூம்பைப் பாருங்கள். எங்கள் பக்கத்தில் கூம்பு பூஞ்சணம் பிடித்து நமுத்துப்போயிருக்கும், சில நேரம் பூச்சி அரித்திருக்கும். சின்னக் கிழிசலென்றால் மெல்லிய டிஷ்யூ தாளை, தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையில் நனைத்து ஒட்டிவிடலாம். புது ஸ்பீக்கர் வாங்குவதானால் பழையதன் ஓமைப் பார்த்து வாங்குங்கள். அந்தக் காலத்தில் 3 ஓம் ஸ்பீக்கரும் உண்டு, 8 ஓம் ஸ்பீக்கரும் உண்டு. செட் என்ன கேட்கிறதோ அதைக் கொடுக்க வேண்டும். ஸ்பீக்கரின் எந்த வயரையும் 'இதுவும் எர்த்தானே' என்று வண்டியின் உடம்பில் தொடவிடாதீர்கள். பல செட்டுகளில் அது எர்த் கிடையாது.

ஏரியல்

ரேடியோவிலிருந்து 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் வருகிறது, நிலையம் மட்டும் வரவில்லை என்றால் முதல் சந்தேகம் ஏரியல் மேல்.

போன வருடம் ஹப்புத்தளையிலிருந்து ஒரு தம்பி ஆஸ்டினைக் கொண்டுவந்தார். "அண்ணே, வெயில் அடிச்சா பாடுது, பனி இறங்கினா ஊமையாயிடுது" என்றார். ரேடியோவுக்கு வெயிலும் பனியும் தெரியாது. ஏரியலின் அடிப்பாகத்தைக் கழற்றினோம். ரப்பர் வளையம் வெடித்து, அதன் கீழே பச்சைப் பாசி வளர்ந்திருந்தது. மட்கார்டுக்கு அடியில் ஏரியல் வயரைத் தொட்டபோது கையில் ஈரம். அந்த வயரின் நடுக்கம்பிக்கும் வெளிப் பின்னலுக்கும் இடையில் மீட்டர் வைத்தேன். நல்ல ஏரியலில் அங்கே மீட்டர் அசையவே கூடாது. இங்கே சில ஆயிரம் ஓம் காட்டியது. வயர் வழியாக ஏறிய தண்ணீர், வந்த கொஞ்ச சிக்னலையும் எர்த்துக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஏரியலை மாற்றி, அடியில் துருவைச் சுரண்டிப் புது ரப்பர் போட்டதோடு வேலை முடிந்தது. ரேடியோவைக் கழற்றவே இல்லை.

நீங்கள் பார்க்க வேண்டியவை மூன்று. கம்பியின் நுனிக்கும் பிளக்கின் நடுமுனைக்கும் இடையில் மீட்டர் கிட்டத்தட்ட சுழியம் காட்ட வேண்டும். நடுமுனைக்கும் வெளிப்பின்னலுக்கும் இடையில் எதுவும் காட்டக் கூடாது. வெளிப்பின்னலுக்கும் வண்டியின் உடம்புக்கும் இடையில் மறுபடி சுழியம். வயர் போதாதென்று டிவி கேபிளை ஒட்டுப் போடாதீர்கள். கார் ஏரியலின் வயர் தனி ரகம். நடுவில் முடி மாதிரிக் கம்பி, சுற்றிலும் பெரும்பாலும் காற்று. மீடியம் வேவுக்கு அந்த ரகம்தான் சரிப்படும்.

இப்போது மூடியைத் திறக்கலாம்

மேலே சொன்ன எல்லாம் சரி, இன்னும் பேசவில்லை என்றால் செட்டை மேசைக்குக் கொண்டுவாருங்கள். திறப்பதற்கு முன்பும் திறந்த பிறகும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வயர் எங்கே இருந்தது என்பது மறுநாள் காலையில் யாருக்கும் நினைவிருக்காது.

ஸ்பீக்கரைக் கொடுங்கள். பேட்டரிக்கும் ரேடியோவுக்கும் இடையில் 21 வாட் பல்பைத் தொடராகப் போடுங்கள். சுவிட்சைப் போட்டதும் பல்பு மங்கலாகச் சிவந்தாலோ எரியாமலே இருந்தாலோ பயமில்லை. முழுப் பிரகாசத்தில் எரிந்தால் உள்ளே ஷார்ட் இருக்கிறது, உடனே அணைத்துவிடுங்கள். இந்தப் பல்பு அன்று என்னிடம் இருந்திருந்தால் மோரிஸ் ரேடியோவின் டிரான்சிஸ்டர் ஒருவேளை பிழைத்திருக்கும்.

அடுத்தது வால்யூம் கட்டுப்பாடு. திருகும்போது 'கர்ர் கர்ர்' என்றால் அதன் உள்ளே காண்டாக்ட் கிளீனர் இரண்டு சொட்டு விட்டு, இருபது தடவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்புங்கள். பிறகு வால்யூமைப் பாதியில் வைத்து, ஸ்குரூ டிரைவரின் இரும்பில் விரலை வைத்தபடி அதன் நடுக்காலைத் தொடுங்கள். டிரான்சிஸ்டர் செட்டில் மட்டும் இதைச் செய்யலாம், வால்வு செட்டில் வேண்டாம். ஸ்பீக்கரில் 'ர்ர்ர்' என்று கேட்டால் அங்கிருந்து ஸ்பீக்கர் வரைக்கும் எல்லாம் நலம், கோளாறு அதற்கு முன்னால், நிலையத்தைப் பிடிக்கும் பகுதியில் இருக்கிறது. ஒன்றும் கேட்காவிட்டால் கோளாறு அவுட்புட் பக்கம். ஒரு தொடலில் ரேடியோவை இரண்டாகப் பிரித்துவிட்டீர்கள்.

அவுட்புட் பக்கம் பெரும்பாலும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் காய்ந்திருக்கும். சத்தம் சன்னமாக இருக்கும், அல்லது மோட்டார் படகு மாதிரி 'புட் புட்' என்று வரும். அதே மைக்ரோ ஃபாரட், அதே வோல்ட் அல்லது கொஞ்சம் கூடியது போட்டு மாற்றுங்கள். ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு தடவையும் பல்பு வழியாக ஓட்டிப் பாருங்கள். பாசிட்டிவ் எர்த் செட்டில் பிளஸ் கால் தகரப் பக்கம் போவதைப் பார்த்து, யாரோ தலைகீழாகப் போட்டுவிட்டார்கள் என்று திருத்தப் போகாதீர்கள். அதுதான் சரி.

நிலையம் பிடிக்கும் பகுதியில் எனக்கு மிகவும் பிடித்த கோளாறு ஒன்று இருக்கிறது. அறுபதுகளின் ஐரோப்பிய, பிரிட்டிஷ் செட்டுகளில் ஏஎஃப்117 என்ற டிரான்சிஸ்டர் நிறைய வரும். விரல் நுனி உயரத்தில் ஒரு சின்ன உலோகக் குப்பி, கீழே நான்கு கால்கள். வருடங்கள் போகப் போக அந்தக் குப்பியின் உள்சுவரிலிருந்து வெள்ளீயம் மயிரிழை மாதிரி முளைத்து, உள்ளே இருக்கும் காலைத் தொட்டுவிடும். கண்ணுக்குத் தெரியாது. பென்சிலால் குப்பியைத் தட்டுங்கள். செத்துக் கிடந்த ரேடியோ ஒரு கணம் 'ஸ்ஸ்' என்று விழித்து, பாட்டின் ஒரு துண்டைப் பாடி, மறுபடி ஊமையானால் அந்த மயிரிழைதான். நான்கு கால்களில் ஒன்று குப்பியின் உடம்போடு மட்டும் இணைந்தது. குப்பிக்கும் ஒவ்வொரு காலுக்கும் மீட்டர் வைத்தால் அது எதுவென்று தெரியும். மயிரிழை தொட்ட காலும் அப்படியே காட்டும் என்பதால் ஏஎஃப்117-இன் கால் படத்தையும் ஒரு தடவை ஒத்துப் பாருங்கள். அந்த உடம்புக் காலை மட்டும் வெட்டிவிட்டால் பல செட்டுகள் பிழைத்துக்கொள்ளும். மயிரிழை ஒன்றுக்கு மேல் முளைத்திருந்தால் டிரான்சிஸ்டரையே மாற்ற வேண்டும். பற்றவைக்கும்போது காலை மூக்குக் குறட்டால் பிடித்துக்கொள்ளுங்கள். ஜெர்மேனியத்துக்குச் சூடு ஆகாது, குறடு சூட்டை வாங்கிக்கொள்ளும்.

சின்ன அலுமினியப் பெட்டிகளின் தலையில் திருகுகிற மாதிரி கறுப்புக் கட்டைகள் தெரியும். அவற்றைத் தொடவே தொடாதீர்கள். 'கொஞ்சம் இறுக்கிப் பார்ப்போம்' என்று யாரோ திருகிவைத்த செட்டைச் சரிசெய்வது, கோளாறான செட்டைச் சரிசெய்வதை விடக் கஷ்டம்.

சில்லறைப் பாகங்கள் கொழும்பு புறக்கோட்டையில் கிடைக்கும். கெட்டுப்போன பழைய செட்டுகள், குமிழ்கள், ஏரியல் பிளக்குகள் தேடுபவர்கள் பஞ்சிகாவத்தைக்குப் போவார்கள். போகும்போது பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோங்கள்.

இன்ஜினைப் போட்டால் இரைச்சல்

மேசையில் தெளிவாகப் பாடியது வண்டியில் அலறும். காதைத் தீட்டிக்கொண்டால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். வேகம் கூடக் கூட உயர்ந்துபோகும் ஊளை டைனமோவினது. வேகத்தோடு சேர்ந்து அடிக்கும் 'டக் டக்' ஸ்பார்க் பிளக்கும் இக்னிஷன் காயிலும். முறையில்லாத பொரிச்சல் என்றால் ரெகுலேட்டரைச் சந்தேகிக்கலாம். வைப்பர் போட்டால் மட்டும் வருவதற்கு விளக்கம் தேவையில்லை.

ஏரியல் பிளக்கை உருவிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் அது ஏரியல் வழியாக வருகிறது. அப்படியானால் பானெட்டுக்கும் உடம்புக்கும் ஒரு எர்த் பட்டை, ஸ்பார்க் பிளக் மூடிகளில் இரைச்சலை அடக்கும் சப்ரஸ்ஸர். நிற்காவிட்டால் மின்சார வயர் வழியாக வருகிறது. டைனமோவின் பெரிய முனைக்கும் உடம்புக்கும் இடையில் 1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் போடுங்கள். சின்ன முனையில் போட்டுவிடாதீர்கள், சார்ஜ் கெட்டுப்போகும். காயிலில் இன்னொன்று, இக்னிஷன் சுவிட்சிலிருந்து வயர் வரும் முனையில். டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் முனையில் போட்டால் வண்டியே ஒழுங்காக ஓடாது.

சில பழைய குறிப்புகளில், ஓடும்போது இக்னிஷனை அணைத்து வண்டியை உருளவிட்டுக் கேட்கச் சொல்வார்கள். றம்பொடை, கடுகண்ணாவை மாதிரி மலைச் சரிவுகளில் அதைச் செய்து பார்க்க வேண்டாம். நிறுத்திய வண்டியில் இன்ஜினை உயர்த்திவிட்டு அணைத்தாலே போதும். 'டக் டக்' அந்த நொடியே நிற்கும். டைனமோவின் ஊளை இன்ஜினோடு சேர்ந்து மெதுவாகத் தாழ்ந்து அடங்கும்.

எதைக் கேட்பது?

1925 டிசம்பர் 16 முதல் ஒலிபரப்பு நடக்கும் நாடு இது. ஆனால் உள்ளூர் நிலையங்கள் பெரும்பாலும் எஃப்.எம்முக்குப் போய்விட்டதால் மீடியம் வேவ் மட்டும் உள்ள செட்டில் பகல்நேரம் வறட்சிதான். நான் இரவுக்குக் காத்திருப்பேன். பொழுது சாய்ந்ததும் வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பும் அலைகள் தூரத்திலிருந்து வரும், தமிழ்நாட்டு நிலையங்கள் மலைக்கு மேலே ஏறிவரும். பழைய டயலில் அலைநீளம் மீட்டர் கணக்கில் இருக்கும். 300,000-ஐக் கிலோ ஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டர். திருச்சியின் 936 கிலோ ஹெர்ட்ஸ் டயலில் 320 மீட்டருக்குப் பக்கம், தூத்துக்குடியின் 1053 என்றால் 285. சத்தம் மெல்ல மறைந்து திரும்பி வருவது கோளாறு இல்லை, இரவு அலைகளின் சுபாவம்.

பகலிலும் பாட்டு வேண்டுமென்றால் வால்யூம் கட்டுப்பாட்டின் முன்னால் ஒரு புளூடூத் பலகையைச் சேர்க்கலாம். பாசிட்டிவ் எர்த் வண்டியில் அந்தப் பலகையோ போன் சார்ஜரோ நேரடியாகப் போடக் கூடாது. அவற்றின் உலோகம் வண்டியின் உடம்பைத் தொட்டால் ஷார்ட். உள்ளே வரும் மின்சாரத்தையும் வெளியே போகும் மின்சாரத்தையும் ஒன்றோடொன்று தொடாமல் பிரித்துத் தரும் கன்வர்ட்டர் வேண்டும். எனக்கு அதில் பெரிய ஆசை இல்லை.

கடைசியாக ஏரியல் டிரிம்மர், அதாவது ரேடியோவை ஏரியலோடு பொருத்தும் திருகு. ரேடியோவை வண்டியில் பூட்டி, ஏரியலை முழுதாக இழுத்துவிட்டு, இரவில் 1400 கிலோ ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது 214 மீட்டர் அருகே, பலவீனமான ஒரு நிலையத்தைப் பிடியுங்கள். ஏரியல் துளைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதற்குள் தெரியும் திருகை மெல்லிய ஸ்குரூ டிரைவரால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். சத்தம் உயர்ந்து, மறுபடி தாழத் தொடங்கும். உயர்ந்த இடத்துக்குத் திரும்பி வந்து கையை எடுத்துவிடுங்கள். பின்பக்கத் தாங்கு பட்டையை மறக்காமல் முடுக்குங்கள். தோட்டப் பாதையில் முன்பக்க நட்டு இரண்டை மட்டும் நம்பித் தொங்கும் ரேடியோ, ஒரு மாதத்தில் மறுபடி மேசைக்கு வந்துவிடும்.